மேற்கண்ட எதுவுமில்லை: புவேர்ட்டோ ரிக்கோவின் கவிஞர்களும் வாக்குச்சீட்டும்

1998ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் புவேர்ட்டோ ரிக்கோ மக்களின் கையில் தரப்பட்ட வாக்குச்சீட்டில் ஐந்து கட்டங்கள் இருந்தன. இப்போதுள்ள நிலையே நீடிக்கட்டும் என்பது முதற் கட்டம். விரும்பும்போது விலகிக்கொள்ளும் உரிமையோடு அமெரிக்காவுடன் உடன்படிக்கையால் இணைந்திருப்பது இரண்டாவது. அமெரிக்க ஒன்றியத்தின் 51ஆவது மாநிலமாவது மூன்றாவது. முழு விடுதலை நான்காவது. ஐந்தாவது கட்டத்தில் ‘மேற்கண்ட எதுவுமில்லை’ என்று அச்சிட்டிருந்தார்கள். இன்று நாம் நோட்டா என்கிறோமே, அதுதான். எண்ணி முடித்தபோது அந்த ஐந்தாவது கட்டமே 50.3 சதவீத வாக்குகளுடன் வென்றிருந்தது. மாநிலத் தகுதிக்கு 46.5 சதவீதம். விடுதலைக்கு வெறும் 2.5 சதவீதம்.

இந்தக் கடைசி எண்ணைக் கண்டபோது நாம் திகைத்துப்போனோம். ஏனெனில் அத்தீவின் கவிதைகளையும் நாடகங்களையும் மொழிபெயர்ப்பின் வழியே வாசித்து நாம் மனத்தில் வரைந்து வைத்திருந்த தீவு வேறு. அங்கே விடுதலையைப் பாடாத பெருங்கவிஞர் ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். கவிதைக்காகவும் பேச்சுக்காகவும் சிறை சென்றவர்கள் உண்டு. நாடு கடந்து அயல்மண்ணில் மாண்டவர்கள் உண்டு. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஓர் இலக்கியம் முழுவதும் ஒரு திசையை நோக்கி நிற்க, அதே மக்கள் வாக்குச்சாவடிக்குள் நுழைந்ததும் வேறு திசையில் முத்திரை குத்துகிறார்கள் என்றால், கவிஞன் மக்களின் குரல் என்று நாம் வழக்கமாகச் சொல்லிவருவதற்குப் பொருள்தான் என்ன? அந்தக் கேள்வியை முன்வைத்தே இந்த வரலாற்றைப் பார்க்க விரும்புகிறோம்.

முதலில் பெயர். கொலம்பஸ் 1493இல் தன் இரண்டாவது பயணத்தில் வந்திறங்கிய இத்தீவைத் தாயினோ பழங்குடிகள் போரிக்கேன் என்று அழைத்தனர். ஸ்பானியர் தீவுக்குப் புனித யோவானின் பெயரையும் அதன் துறைமுகத்துக்கு ‘வளமான துறை’ எனப் பொருள்படும் புவேர்ட்டோ ரிக்கோ என்ற பெயரையும் இட்டார்கள். காலப்போக்கில் இரு பெயர்களும் இடம் மாறிக்கொண்டன. அமெரிக்கர் வந்தபின் அதுவும் திரிந்து, அரசு ஆவணங்களில் போர்ட்டோ ரிக்கோ என்றாயிற்று. அந்தப் பிழை 1932இல்தான் திருத்தப்பட்டது. தமிழில் நாம் இன்றளவும் போர்ட்டோ ரிக்கோ என்று எழுதுவது அந்தப் பழைய பிழையின் எச்சமே.

ஸ்பெயினுக்கு எதிரான கிளர்ச்சி 1868 செப்டம்பர் 23ஆம் நாள் லாரெஸ் என்ற மலையூரில் வெடித்தது. அதன் மூளையாக விளங்கிய ரமோன் பெத்தான்செஸ் ஒரு மருத்துவர், எழுத்தாளரும்கூட. கிளர்ச்சி மிக விரைவிலேயே ஒடுக்கப்பட்டது. பாட்டு ஒன்று மட்டும் தங்கியது. ‘லா போரிங்கேஞா’ என்ற நடன மெட்டுக்கு லோலா ரொத்ரீகெஸ் தெ தியோ என்ற பெண்கவிஞர் ஆயுதம் ஏந்த அழைக்கும் சொற்களை எழுதினார். அவர் நாடுகடத்தப்பட்டுக் கியூபாவில் வாழ்ந்து அங்கேயே 1924இல் மறைந்தார். அதே மெட்டுக்கு 1903இல் மானுவெல் ஃபெர்னாண்டெஸ் ஹுங்கோஸ் தீவின் கடலையும் வானையும் வியக்கும் சாதுவான சொற்களை எழுதினார். இன்று அரசு விழாக்களில் ஒலிக்கும் நாட்டுப்பண் இந்த இரண்டாவது வடிவமே. மெட்டு ஒன்று, பாட்டு இரண்டு. மேடையில் ஒன்றைக் கேட்டுக்கொண்டே மற்றதை நெஞ்சுக்குள் பாடிக்கொள்ளும் மனிதர்களைக் கற்பனை செய்து பார்த்தால் இத்தீவின் அரசியல் ஓரளவு விளங்கிவிடும்.

1897 நவம்பரில் ஸ்பெயின் இறங்கிவந்து தன்னாட்சிச் சாசனம் வழங்கியது. அதற்காக உழைத்தவர்களில் முதன்மையானவர் லூயிஸ் முன்யோஸ் ரிவேரா. இவரும் கவிஞர், இதழாளர். புதிய அரசு 1898 பிப்ரவரியில் பொறுப்பேற்றது. ஐந்தே மாதங்களில், ஜூலை 25ஆம் நாள், ஜெனரல் நெல்சன் மைல்ஸ் தலைமையில் அமெரிக்கப் படை தென்கரையின் குவானிக்காவில் இறங்கியது. டிசம்பரில் பாரிஸ் உடன்படிக்கையின்படி ஸ்பெயின் தீவை அமெரிக்காவுக்குக் கைமாற்றிக் கொடுத்தது. தீவு மக்களிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை.

கைக்கு வந்த பொருளுக்கு என்ன பெயரிடுவது என்று அமெரிக்காவுக்கே தெரியவில்லை. அந்தக் குழப்பம் ஆரஞ்சுப் பழங்களின் வடிவில் உச்சநீதிமன்றம் சென்றது. சான் ஹுவானிலிருந்து நியூயார்க்கிற்கு வந்த ஆரஞ்சுகளுக்கு டௌன்ஸ் என்ற வணிகரிடம் 659 டாலர் 35 செண்ட் சுங்கவரி வாங்கினார்கள். ஒரே நாட்டுக்குள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு வரும் சரக்குக்குச் சுங்கம் ஏது என்று அவர் வழக்குத் தொடுத்தார். 1901இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. நீதிபதி எட்வர்ட் வைட் அதில் எழுதிய ஒரு தொடர் அழியாப் புகழ் பெற்றுவிட்டது: புவேர்ட்டோ ரிக்கோ வெளியுலகுக்கு அமெரிக்காவின் பகுதி, ஆனால் உள்நாட்டுப் பொருளில் அந்நியம். கவிஞர்கள் நிறைந்த தீவைப் பற்றி ஒரு நீதிபதி எழுதிய இத்தொடரில் உள்ள முரணை எந்தக் கவிஞரும் மிஞ்சியதாக நமக்குத் தெரியவில்லை. அதே தீர்ப்பில் நீதிபதி ஹென்றி பிரவுன், மதத்தாலும் வழக்கத்தாலும் வேறுபட்ட அந்நிய இனங்கள் வாழும் நிலங்களை நம் சட்டமுறைப்படி ஆள முடியாமல் போகலாம் என்ற பொருளில் எழுதினார். ரயில் பெட்டிகளில் கறுப்பரைத் தனியே அமர்த்துவது சட்டப்படி சரியே என்று 1896இல் தீர்ப்பெழுதியவரும் இவர்தான். இந்த இரண்டு தீர்ப்புகளையும் எதிர்த்தவர்களில் நீதிபதி ஹார்லன் இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1917இல் குடியுரிமை வந்தது. தீவின் பிரதிநிதிகள் சபை அதற்குமுன்பே எதிர்ப்புத் தெரிவித்திருந்தது. சபையின் தலைவராக இருந்த ஹோசே தெ தியேகோ விடுதலையும் ஸ்பானிய மொழிக் கல்வியும் வேண்டுமென்று முழங்கிய கவிஞர். ஆயினும் சட்டம் நிறைவேறியபின் அக்குடியுரிமையை ஏற்க மறுத்து முறைப்படி எழுதிக்கொடுத்தவர்கள் முந்நூறு பேருக்கும் குறைவு. மறுத்தால் சொந்த ஊரிலேயே வாக்குரிமையும் பதவியும் இல்லை என்ற நிலையில் அந்த எண்ணிக்கையைக் கோழைத்தனம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கவிதைக்கும் கணக்குக்கும் இடையிலான விரிசல் முதன்முதலாக எண்ணாகப் பதிவானது இங்கேதான்.

முன்யோஸ் ரிவேராவின் மகன் லூயிஸ் முன்யோஸ் மரீன். படையெடுப்பு நடந்த அதே 1898இல் பிறந்தவர். இளமையை அமெரிக்காவிலும் தீவிலுமாகக் கழித்தார். இரு மொழிகளிலும் எழுதினார். எட்வின் மார்க்கமின் கவிதையை ஸ்பானிய மொழியில் ஆக்கினார். மக்கள் அவரை ‘எல் வாத்தே’, அதாவது ‘கவிராயர்’ என்றே அழைத்தனர். விடுதலையும் சமவுடைமையும் அவர் இளமைக் கனவுகள். 1938இல் மக்கள் ஜனநாயகக் கட்சியைத் தொடங்கி, குடியானவரின் ஓலைத்தொப்பியைச் சின்னமாக்கி, ‘சோறு, நிலம், விடுதலை’ என்று பொருள்படும் முழக்கத்தோடு மலைக்கிராமங்களுக்குள் நடந்தார். தேர்தல்தோறும் சில டாலர்களுக்கு வாக்கை விற்கும் வழக்கம் அங்கே இருந்தது. வாக்கை விற்காதீர்கள், எனக்குக் கடன் கொடுங்கள் என்று கேட்டார். குடியானவர்கள் அவரிடம் கேட்ட கேள்வி ஒன்றுண்டு: உனக்கு வாக்களித்தால் தீவு விடுதலை பெற்றுவிடுமா? அந்தக் கேள்வியில் இருந்தது ஆவலைவிட அச்சமே. 1940 தேர்தலில் அவர் சொன்ன விடை: தீவின் தகுதிநிலை இந்தத் தேர்தலில் பேசுபொருள் இல்லை. வென்றார்.

பசித்த மக்களிடம் நடந்து சென்ற ஒரு கவிஞர் தன் கவிதையின் மூன்றாவது சொல்லை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். துரோகம் என்றனர் பழைய தோழர்கள். 1946இல் பிரிந்துசென்று விடுதலைக் கட்சியைக் கண்டனர். நம்முடைய எண்ணம் கொஞ்சம் வேறு. 1936இல் அமெரிக்க செனட்டர் டைடிங்ஸ் திடீரென்று விடுதலை மசோதா ஒன்றைக் கொண்டுவந்தபோது, அதன் நிபந்தனைகள் சர்க்கரையை நம்பிய தீவைச் சில ஆண்டுகளிலேயே பட்டினியில் தள்ளக்கூடியவை என்று கண்டு எதிர்த்தவர் முன்யோஸ் மரீன். விடுதலையைத் தண்டனையாக நீட்டுவதும் இயலும் என்று அவர் அன்று கற்றுக்கொண்டார். அந்தப் பாடத்தை அவர் பின்னாளில் மறக்கவே இல்லை. சற்று அதிகமாகவே நினைவில் வைத்துக்கொண்டார் என்பதுதான் நம் குறை.

மறுபுறம் பெத்ரோ அல்பீசு காம்போஸ். ஹார்வர்டில் சட்டம் பயின்றவர், முதல் உலகப்போரின்போது கறுப்பர் படைப்பிரிவில் பணியாற்றி இனப்பாகுபாட்டை நேரில் கண்டவர், 1930 முதல் தேசியக் கட்சியின் தலைவர். அவருடைய கட்சிச் செயலாளர் ஹுவான் அந்தோனியோ கொரெத்ஹெர், தீவின் தலைசிறந்த கவிஞர்களில் ஒருவர். இருவரும் 1936இல் தண்டனை பெற்று அட்லாண்டா சிறைக்கு அனுப்பப்பட்டனர். 1937 மார்ச் 21, குருத்தோலை ஞாயிறு. போன்சே நகரில் தேசியக் கட்சியினரின் ஊர்வலத்தின்மீது போலீஸ் சுட்டதில் இரு போலீஸ்காரர் உட்பட 19 பேர் மாண்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். வழக்கறிஞர் ஆர்தர் கார்ஃபீல்ட் ஹேஸ் தலைமையில் நடந்த விசாரணை, அமெரிக்கா நியமித்த ஆளுநர் வின்ஷிப்பின்மீதே பழி சுமத்தியது.

1948இல் முன்யோஸ் மரீனின் கட்சி பெரும்பான்மை வகித்த சட்டமன்றம் ‘வாய்ப்பூட்டு’ச் சட்டம் என்று மக்கள் பெயரிட்ட ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. விடுதலையை ஆதரித்துப் பேசுவதும் எழுதுவதும் பாடுவதும், தீவின் கொடியை ஏற்றுவதும்கூடப் பத்தாண்டு வரை சிறைக்கு இட்டுச்செல்லலாம். அதே ஆண்டு தேர்தலில் வென்று, மக்கள் தேர்ந்தெடுத்த முதல் ஆளுநரானார் முன்யோஸ் மரீன். 1950 அக்டோபர் 30ஆம் நாள் தேசியவாதிகளின் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தபோது கைதானவர்களில் ஒருவர் பிரான்சிஸ்கோ மாத்தோஸ் பவோலி என்ற கவிஞர். அவர் துப்பாக்கி தூக்கவில்லை. குற்றம் அவருடைய சொற்பொழிவுகள்தாம். சிறையில் அவர் தொடர்ந்து கவிதை எழுதினார். பின்னர் அவருக்கு மன்னிப்பு வழங்கி விடுவித்தவரும் ஆளுநரே. ஒரு கவிராயர் ஆளும் நாட்டில் ஒரு கவிஞர் பேச்சுக்காகச் சிறையிருந்தார் என்ற இந்த ஒரு செய்தி, நமக்கு அந்தக் காலத்தின் எல்லாப் புள்ளிவிவரங்களையும்விட அதிகம் சொல்கிறது. வாய்ப்பூட்டுச் சட்டம் 1957இல் நீக்கப்பட்டது. ஆனால் விடுதலை ஆதரவாளர்மீது போலீஸ் இரகசியக் கோப்புகள் தொகுத்துவந்தது 1987இல்தான் வெளிவந்தது. பல்லாயிரம் பேரின் வாழ்க்கை அவற்றில் பதிவாகியிருந்தது. வேலை கிடைக்காமல் போனதன் காரணத்தைப் பலர் தம் கோப்பைத் திருப்பிப் பெற்றபின்னரே அறிந்தனர். வாக்குகளை மட்டும் எண்ணிப் பார்ப்பவர்கள் இந்தக் கோப்புகளையும் எண்ண வேண்டும்.

1952 ஜூலை 25. அமெரிக்கப் படை இறங்கிய அதே நாளைத் தேர்ந்தெடுத்துப் புதிய அரசமைப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தார் முன்யோஸ் மரீன். அன்றுவரை குற்றத்தின் அடையாளமாக இருந்த கொடி அன்று அரசுக்கொடியாக ஏறியது. அன்று தொட்டு அந்த நாள் ஒரு சாராருக்கு அரசமைப்பு நாள், மறுசாராருக்குப் படையெடுப்பு நாள். புதிய அமைப்புக்கு அவர்கள் இட்ட ஸ்பானியப் பெயர் ‘எஸ்தாதோ லிப்ரே அசோசியாதோ’. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘இணைந்த சுதந்திர அரசு’. ‘எஸ்தாதோ’ என்பது மாநிலத்தையும் குறிக்கும், நாட்டையும் குறிக்கும். ஆகவே மூன்று கட்சியினருக்கும் ஆளுக்கொரு சொல் கிடைத்துவிட்டது. ஆங்கிலத்தில் அதை அப்படியே பெயர்த்தால் அமெரிக்கக் காங்கிரஸ் கேள்வி கேட்கும் என்பதால் அங்கே ‘காமன்வெல்த்’ என்றார்கள். மாசசூசெட்ஸும் பென்சில்வேனியாவும் தம்மை அழைத்துக்கொள்ளும் அதே சொல். மொழிபெயர்ப்பின் இடுக்கில் ஓர் அரசமைப்பு ஒளிந்துகொண்ட வேறு உதாரணம் நமக்குத் தெரியவில்லை. அது சுதந்திரமும் இல்லை, இணைப்பும் இல்லை, அரசும் இல்லை என்ற கேலி தீவில் பழமொழியாகவே ஆகிவிட்டது. 1953 நவம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, தன்னாட்சி பெறாத பகுதிகளின் பட்டியலிலிருந்து தீவை விடுவித்தது: ஆதரவு 26, எதிர்ப்பு 16, வாக்களியாதோர் 18.

முன்யோஸ் மரீனுக்கு நியாயம் செய்யவேண்டுமானால் மொழியைச் சொல்ல வேண்டும். அமெரிக்க ஆட்சி தொடங்கியதிலிருந்து பள்ளிகளில் ஆங்கிலத்தைத் திணிக்கும் முயற்சி ஏதோ ஒரு வடிவில் நடந்துகொண்டே இருந்தது. ஆசிரியருக்கே சரியாக வராத மொழியில் பிள்ளைகள் கணக்குப் படித்தனர். 1949இல், அவர் ஆளுநரான முதலாண்டிலேயே, ஸ்பானியம் பயிற்றுமொழியாயிற்று. அந்தத் தீவின் மொழிச்சூழலை நாடியே ஹுவான் ரமோன் ஹிமெனெஸ் அங்கு வந்து வாழ்ந்தார். 1956இல் நோபல் பரிசுச் செய்தி அவரைச் சென்றடைந்தது சான் ஹுவானில்தான். தாகூரை அவரோடு சேர்ந்து ஸ்பானிய மொழிக்குக் கொண்டுவந்த அவர் மனைவி செனோபியாவின் தாய்வழி இத்தீவைச் சேர்ந்தது. பரிசு அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாள் அவர் மறைந்தார்.

மொழி தங்கியது, மனிதர்கள் தங்கவில்லை. தொழிற்சாலைகள் வந்தன, கரும்புத்தோட்டங்கள் சுருங்கின, விமானக்கட்டணம் மலிந்தது. 1940களின் இறுதியிலிருந்து இலட்சக்கணக்கானோர் நியூயார்க் சென்றனர். ரெனே மார்க்கெஸின் ‘லா கரேத்தா’ நாடகம் 1953இல் மேடையேறியது. மலைக்கிராமத்துக் குடும்பம் ஒன்று மாட்டுவண்டியில் புறப்பட்டு, சான் ஹுவானின் லா பெர்லா சேரிக்கும் அங்கிருந்து பிராங்ஸுக்கும் சென்று, மகனை ஓர் இயந்திரத்துக்குப் பலிகொடுத்துத் திரும்பும் கதை. நாடகத்தில் அவர்கள் திரும்புகிறார்கள். வாழ்க்கையில் பெரும்பாலோர் திரும்பவில்லை. அதே 1953 ஜூலையில் நியூயார்க்கின் ஹார்லெம் தெருவில் மயங்கிக் கிடந்த பெண் ஒருவர் மருத்துவமனையில் இறந்தார். அடையாளம் காட்ட எவரும் இல்லாததால் அநாதைப் பிணங்களுக்கான இடுகாட்டில் புதைத்தார்கள். பிறகுதான் நண்பர்கள் தேடிவந்து கண்டறிந்து உடலைத் தீவுக்குக் கொண்டுசென்றனர். அவர் ஹூலியா தெ புர்கோஸ், தேசிய இயக்கத்தில் பங்கேற்றவர், லொய்சா ஆற்றைப் பாடிய கவிஞர். வயது 39. ஸ்பானிய மொழியையே உயிராகக் கொண்ட அவர் இறுதிநாட்களில் மருத்துவமனையிலிருந்து எழுதிய கவிதைகள் ஆங்கிலத்தில் இருந்தன என்பது நம்மை நெடுநாள் தொந்தரவு செய்தது.

இன்று தீவில் வாழ்வோர் ஏறத்தாழ 32 இலட்சம். அமெரிக்கப் பெருநிலத்தில் தம்மைப் புவேர்ட்டோ ரிக்கர் என்று சொல்லிக்கொள்வோர் அதைவிட அதிகம். விடுதலை பெற்றால் எல்லைக்கோடு எங்கே விழும்? அக்காள் ஓர்லாண்டோவில், தங்கை பயமோனில். கடவுச்சீட்டு ஒரு குடும்பத்தின் நடுக்கூடத்தைப் பிளந்து செல்லும். சான் ஹுவானிலிருந்து நியூயார்க் செல்லும் இரவு விமானத்தை லூயிஸ் ரஃபாயெல் சான்செஸ் ‘வானப் பேருந்து’ என்றார். நியூயார்க்கும் புவேர்ட்டோ ரிக்கோவின் ஓர் ஊரே என்று நம்பும் பயணிகளை அந்தக் கட்டுரையில் வேடிக்கையும் வேதனையுமாக எழுதினார். வாக்குச்சீட்டில் விடுதலைக் கட்டத்தைத் தாண்டிச் செல்லும் கை அந்தப் பேருந்தில் ஏறி இறங்கிய கை.

மாநிலத் தகுதியில் மட்டும் சிக்கல் இல்லையா? உண்டு. இரண்டு செனட்டர்களும் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்கும் கிடைக்கும். இன்று தீவில் வாழும் அமெரிக்கக் குடிமகனுக்கு அந்த வாக்கு இல்லை. அவனே புளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தால் உண்டு. காங்கிரஸில் தீவுக்கிருக்கும் ஒரே பிரதிநிதி பேசலாம், சபையின் இறுதி வாக்கெடுப்பில் வாக்களிக்க இயலாது. இவை சிறு குறைகளல்ல. ஆயினும் மாநிலமானால் போகும் பொருள்களில் ஒன்று ஒலிம்பிக் அணி. 1948இலிருந்து தீவு தனி அணியாக ஒலிம்பிக்கில் பங்கேற்றுவருகிறது. 2004 ஏதென்ஸில் அமெரிக்காவின் கூடைப்பந்து அணியை 92க்கு 73 என்று புவேர்ட்டோ ரிக்கோ வீழ்த்திய இரவில், 51ஆவது மாநிலம் வேண்டும் என்ற கட்சியினர் வீட்டில் துக்கம் அனுசரித்தார்கள் என்று யாராவது சொன்னால் நாம் நம்பமாட்டோம்.

இந்த இரட்டைமனம் ஒரே வீட்டுக்குள் நிகழ்ந்ததற்குச் சான்று ஃபெர்ரே குடும்பம். லூயிஸ் ஃபெர்ரே பெருந்தொழிலதிபர். மாநிலத் தகுதிக் கட்சியை 1967இல் தொடங்கி 1969 முதல் 1973 வரை ஆளுநராக இருந்தவர். மனைவி இறந்தபின் ஆளுநர் மாளிகையின் முதற்பெண்மணிப் பொறுப்பை மகள் ரொசாரியோ ஃபெர்ரே ஏற்றார். அந்த மகள் 1972இல் நண்பர்களோடு சேர்ந்து ஒரு சிற்றிதழ் தொடங்கினார். அதன் பெயர் ‘சரக்கு ஏற்றி இறக்கும் இடம்’ என்று பொருள்படும். சோதனை எழுத்துக்கும் பெண்ணெழுத்துக்கும் விடுதலைக் கருத்துக்கும் அது களமானது. பகலில் மாநிலத் தகுதி ஆளுநரின் விருந்தினரை வரவேற்று, இரவில் விடுதலைச் சிற்றிதழுக்கு மெய்ப்புத் திருத்தும் அந்த இளம்பெண்ணை நாம் எண்ணிப்பார்க்கிறோம். சிற்றிதழ் நடத்தியவர்களுக்குத் தெரியும், எந்த வீட்டிலும் அது எளிதல்ல.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ரொசாரியோ 1995இல் ‘குடாக்கரை வீடு’ என்ற பொருள்படும் நாவலை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். 1998 மார்ச்சில், தீவின் தகுதிநிலை பற்றிய மசோதா ஒன்று காங்கிரஸின் கீழவையில் 209க்கு 208 என்று ஒரே வாக்கில் நிறைவேறிய சில நாட்களில், நியூயார்க் டைம்ஸில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். முன்பு விடுதலையை ஆதரித்தேன்; மொழியும் பண்பாடும் அழியும் என்ற அச்சம் இன்று எனக்கில்லை; நாங்கள் இருமொழியினர்; மாநிலத் தகுதிக்கே வாக்களிப்பேன் என்பது அதன் சாரம். தீவின் இலக்கிய உலகம் கொதித்தது. சிறுகதையாசிரியர் அனா லிதியா வேகா ‘பண்டோராவுக்குத் திறந்த மடல்’ எழுதினார். ‘பண்டோராவின் காகிதங்கள்’ ரொசாரியோவின் முதல் நூல். அந்தப் பழைய ரொசாரியோவை நோக்கியே மடல் விலாசமிடப்பட்டிருந்தது. அவரை அன்று ஏசியவர்கள் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் ஓர் எழுத்தாளர் தன் மனமாற்றத்தைப் பெயரிட்டு அச்சில் சொன்னார் என்பதில் நமக்கு மதிப்பும் உண்டு. தீவின் பெரும்பாலோர் வாக்குச்சாவடித் திரைக்குப் பின்னால் செய்ததை அவர் வெளிச்சத்தில் செய்தார்.

இனி நம் கேள்விக்கு வருவோம். கவிஞர்கள் மக்களின் குரலா என்று கேட்டோம். நமக்குத் தோன்றுவது இது. 1967, 1993, 1998, 2012, 2017, 2020, 2024 என்று இதுவரை ஏழு பொதுவாக்கெடுப்புகள் நடந்துள்ளன. அவற்றில் ஒன்றுகூட அமெரிக்கக் காங்கிரஸைக் கட்டுப்படுத்தவில்லை. ஒவ்வொருமுறையும் கட்டங்களின் எண்ணிக்கை மாறும், சொற்களின் வரையறை மாறும், ஏதாவதொரு கட்சி புறக்கணிக்கும். 2017இல் மாநிலத் தகுதி 97 சதவீதம் பெற்றது. வாக்களிக்க வந்தவர்களோ 23 சதவீதம். 1998இல் ‘எதுவுமில்லை’க்கு விழுந்த வாக்குகளில் கணிசமானவை, சீட்டில் தங்கள் ‘இணைந்த சுதந்திர அரசு’ வரையறுக்கப்பட்ட விதத்தை ஏற்காத முன்யோஸ் மரீன் கட்சியினருடையவை. கேட்பவருக்கு விடையைச் செயலாக்கும் கடமை இல்லாத கேள்விக்கு, பதில் சொல்பவர் தன் முழுமனத்தையும் ஏன் கொடுக்கவேண்டும்? அவர் அந்தச் சீட்டில் ஆளுநர்மீதுள்ள கோபத்தைப் போடுவார், ஓர்லாண்டோவில் இருக்கும் அக்காளைப் போடுவார், அடுத்த மாத உணவு உதவியைப் போடுவார். விடுதலையை அவர் கவிதையில் போட்டு வைத்திருக்கிறார். வாக்கும் கவிதையும் ஒரே மனிதரின் இரண்டு பைகள். ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு மற்றதைப் பொய் என்று சொன்னது வாசகர்களாகிய நாம் செய்த பிழை. மொழிபெயர்ப்பாளர்கள் நமக்குத் தேர்ந்து தந்த பையை மட்டுமே நாம் திறந்திருந்தோம்.

‘இணைந்த சுதந்திர அரசு’ என்ற பெயரின்மீதிருந்த கடைசித் திரையும் 2016 ஜூனில் விழுந்தது. ஒரே குற்றத்துக்காகத் தீவும் அமெரிக்க அரசும் தனித்தனியே வழக்குத் தொடுக்க முடியாது, ஏனெனில் தீவின் அதிகாரத்துக்கு ஊற்று காங்கிரஸே என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே மாதம் காங்கிரஸ், எழுபது பில்லியன் டாலருக்கும் மேல் கடனில் மூழ்கிய தீவின் வரவுசெலவுக்குமேல் எழுவர் கொண்ட மேற்பார்வைக் குழுவைச் சட்டமியற்றி அமர்த்தியது. அவர்களில் எவரையும் தீவு தேர்ந்தெடுக்கவில்லை. 2017 செப்டம்பர் 20ஆம் நாள் மரியா புயல் தாக்கியது. உயிரிழப்பு 64 என்று நெடுநாள் சொல்லிவந்த அரசு, மறுஆண்டு 2,975 என்ற மதிப்பீட்டை ஏற்றது. 2022இல் ஆரஞ்சுப்பழத் தீர்ப்பின் வழிவந்த கோட்பாடு மீண்டும் உச்சநீதிமன்றத்தில் பேசப்பட்டது. அந்தப் பழைய தீர்ப்புகள் அழுகிப்போன அடித்தளத்தில் நிற்பவை என்ற கருத்தில் நீதிபதி கோர்சச் எழுதினார். ஆனாலும் முதியோருக்கும் ஊனமுற்றோருக்குமான உதவித்தொகையைத் தீவு மக்களுக்கு மறுப்பது செல்லும் என்றே எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. அந்த ஒன்று நீதிபதி சோனியா சொட்டொமயோர். புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து பிராங்ஸுக்கு வந்த பெற்றோரின் மகள்.

அதே ஆண்டு டிசம்பரில் காங்கிரஸின் கீழவை, மாநிலத் தகுதி, விடுதலை, உடன்படிக்கை உறவு என்ற மூன்றில் தீவு எதைத் தேர்ந்தாலும் அமெரிக்கா கட்டுப்படும் என்ற மசோதாவை 233க்கு 191 என்று நிறைவேற்றியது. செனட் அதைத் தொடவே இல்லை. 2024 நவம்பரில் மீண்டும் ஒரு கட்டுப்படுத்தாத வாக்கெடுப்பு. செல்லும் வாக்குகளில் மாநிலத் தகுதிக்கு 58 சதவீதத்துக்கு மேல். உடன்படிக்கை உறவுக்கு 29க்கு மேல். விடுதலைக்கு ஏறக்குறைய 12. நிரப்பாத சீட்டுகளும் ஏராளம். அதே நாளில் நடந்த ஆளுநர் தேர்தலில் விடுதலைக் கட்சியின் ஹுவான் தால்மாவ் ஏறத்தாழ 30 சதவீத வாக்குகளோடு இரண்டாமிடம் பெற்றார். முன்யோஸ் மரீனின் கட்சி மூன்றாமிடத்துக்குப் போயிற்று. விடுதலைக்கு முத்திரை குத்தாத பலர் விடுதலைக் கட்சிக்காரரை ஆளுநராக்க விரும்பியிருக்கிறார்கள்.